மத்யன் வாசிகளின் கேள்வியும் கொடைக்கானல் பாதரசமும்





ஷுஐப் (அலை) அவர்கள் அனுப்பப்பட்ட மத்யன் ஏழை ஊர் அல்ல. வணிகப் பாதையில் இருந்த செழிப்பான ஊர். ஹூத் அத்தியாயத்தின் 84-வது வசனத்தைக் கவனித்துப் பாருங்கள். அளவையிலும் நிறுவையிலும் குறைக்காதீர்கள் என்று சொல்லும்போதே, உங்களை நான் நல்ல வசதியோடுதான் காண்கிறேன் என்பதையும் ஷுஐப் (அலை) சேர்த்துச் சொல்கிறார்கள். பசிக்காகத் திருடியவனிடம் பேசும் பேச்சு இது இல்லை. வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு பொருளாதாரத்திடம் பேசும் பேச்சு. அடுத்த வசனத்தில் அளவை மோசடியையும் பூமியில் குழப்பம் விளைவிப்பதையும் ஒரே மூச்சில் கண்டிக்கிறார்கள்.

அதற்கு அந்த மக்கள் சொன்ன பதில் 87-வது வசனத்தில் இருக்கிறது. எங்கள் பொருளை எங்கள் விருப்பப்படி நாங்கள் செய்யக் கூடாது என்றா உம்முடைய தொழுகை உமக்குக் கட்டளையிடுகிறது என்று கேட்டார்கள். தொழுகைக்கும் தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் அந்தக் கேள்வி. பள்ளிவாசலில் தொழுகையைப் பற்றிப் பேசுங்கள் ஹஜ்ரத், தொழிற்சாலையைப் பற்றி எதற்கு என்று இன்றைக்கும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இன்றைய பயான்.

நம் மாவட்டத்து மலையில் நடந்த ஒரு விஷயத்தை முதலில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற ஊரில் காய்ச்சல் பார்க்கும் பாதரசத் தெர்மாமீட்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. சீஸ்ப்ரோ-பாண்ட்ஸ் நிறுவனத்துடையது. பாதரசத்தின் கேடு குறித்து அந்த நாட்டில் விழிப்பும் கெடுபிடியும் கூடிவந்த காலத்தில், 1980களின் தொடக்கத்தில், அந்தத் தொழிற்சாலை கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. செயின்ட் மேரீஸ் சாலையில், பாம்பார் சோலைக்கு மேலே இருக்கும் மேட்டில் அமைந்தது. பின்னர் பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியது. இங்கே அது இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. செய்த தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே போயின. கொடைக்கானல் வாசிகளுக்கு அது 'தெர்மாமீட்டர் ஃபேக்டரி'. சீசன் நான்கு மாதம் ஓடினால் மீதி மாதம் கையைப் பிசையும் ஊரில், மாதா மாதம் சம்பளம் வரும் வேலை. இளைஞர்களும் பெண்களும் சேர்ந்தார்கள். யாரையும் யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை.

பாதரசம் பார்க்க அழகான பொருள். வெள்ளிபோல் உருளும். அதற்கு வாசனை கிடையாது. சாதாரண அறையிலேயே கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகும்; மூச்சோடு நுரையீரலுக்குப் போய் இரத்தத்தில் கலக்கும்; நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். தண்ணீரில் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதை இன்னும் கொடிய வடிவமாக மாற்றும். அது மீனில் ஏறி, மீனைத் தின்பவரிடம் வந்து நிற்கும்.

2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடையில், கிழிந்த மூட்டைகளில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி கிடப்பதை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிப்படுத்தினார்கள். 7.4 டன் என்றார்கள் அவர்கள். 5.3 டன் என்றது நிறுவனம். தன் விதிகளை மீறி அது விற்கப்பட்டது என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. எடை எதுவானாலும், அது கிடந்தது மக்கள் நடமாடும் இடத்தில். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல், பாதரசம் கலந்த சுமார் 290 டன் கழிவும் பொருளும் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. வளரும் நாட்டுக்கு வந்த நஞ்சு, புறப்பட்ட நாட்டுக்கே திரும்பிப் போனது அபூர்வம். ஆனால் மண்ணில் இறங்கியதும் காற்றில் போனதும் மூட்டையில் கட்டிக் கப்பலில் ஏற்றக்கூடியவை அல்ல. அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கொடைக்கானலின் பாசியிலும் மரப்பாசியிலும் ஏரி மீன்களிலும் கூடுதல் பாதரசத்தைக் கண்டு எழுதினார்கள்.

தொழிலாளர்கள் என்ன ஆனார்கள்? தலைவலி, சிறுநீரகக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி, பிள்ளைகளிடம் குறைபாடு என்று பலரும் முறையிட்டார்கள். எங்கள் ஆலையால் யார் உடல்நலமும் கெடவில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, நோய்க்கும் பாதரசத்துக்கும் தொடர்பு காட்டப் போதிய சான்று இல்லை என்றது. 2011-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை, பாதிப்புக்கு முகாந்திரம் இருக்கிறது என்றது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் சமரசம் செய்துகொண்டு, கருணைத் தொகை என்ற பெயரில் பணம் கொடுத்தது. ஆலை மூடி 15 வருடம் கழித்து. இடையில் மௌத்தாகிப் போனவர்களுக்கு அந்தச் சமரசத்தில் கையெழுத்துப் போடும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இதில் மார்க்கத்தின் கேள்வி எங்கே வருகிறது?

நாம் தொழில் வளர்ச்சிக்கு எதிரிகள் அல்ல. ஜும்ஆ தொழுகை முடிந்தால் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடும்படி ஜும்ஆ அத்தியாயமே ஏவுகிறது. பள்ளியிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை. வெளியார் முதலீடும் ஹராம் அல்ல. கைபர் நிலங்களை அங்கிருந்த யூதர்களிடமே விளைச்சலில் பாதி என்ற ஒப்பந்தத்தில் நபி (ஸல்) அவர்கள் ஒப்படைத்தார்கள். ஆகவே வெளிநாட்டுக் கம்பெனி என்பதால் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது சுலபம், கேட்கவும் இனிக்கும். ஆனால் நீதியான பேச்சு ஆகாது.

பொருளாதார நிபுணர்கள் ஒரு வளைகோட்டைக் காட்டுவார்கள். குஸ்னெட்ஸ் என்ற அறிஞரின் பெயரால் 1990களில் பரவிய கருத்து அது. ஒரு நாடு வளரத் தொடங்கும்போது காற்றும் நீரும் கெடும். வருமானம் ஓர் அளவைத் தாண்டியதும் மக்களே சுத்தம் கேட்பார்கள், சட்டம் வரும், கோடு கீழே இறங்கும் என்பது அதன் சாரம். ஊர்ப் புகை, சாக்கடை போன்ற சிலவற்றில் அப்படி நடந்தும் இருக்கிறது. ஆனால் அந்தக் கோடு ஏறும் காலத்தில் நுரையீரல் கெட்டவன் வேறு, அது இறங்கும் காலத்தில் நல்ல காற்றை அனுபவிப்பவன் வேறு. ஒருவனின் மகனுக்குக் கிடைக்கப்போகும் சுகத்துக்காக இன்னொருவனின் தகப்பனைக் கொடுக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது? இன்னொன்றும் இருக்கிறது. வாட்டர்டவுனின் கோடு இறங்கியதற்கு ஒரு காரணம், கொடைக்கானலின் கோடு ஏறியது. அழுக்கை அடுத்த வீட்டு முற்றத்தில் கொட்டினாலும் நம் வீடு சுத்தமாகத்தான் தெரியும்.

1991 டிசம்பரில் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்த லாரன்ஸ் சம்மர்ஸ் கையெழுத்திட்ட ஓர் உள்குறிப்பு வெளியே கசிந்தது. நோயாலும் மரணத்தாலும் இழக்கப்படும் கூலி எங்கே மிகக் குறைவோ, அந்த நாட்டில் மாசை வைப்பதே கணக்குப்படி சரி என்று அதில் வாதிடப்பட்டிருந்தது. கேலியாக எழுதப்பட்டது, வாதத்தைச் சீண்டிப் பார்க்க எழுதப்பட்டது என்று பிறகு விளக்கம் தந்தார்கள். இருக்கட்டும். ஆனால் உலகத்தில் எத்தனையோ தொழிற்சாலைகள் அந்தக் கணக்குப்படியே இடம் மாறியிருக்கின்றன. மனிதனின் விலை அவன் வாங்கும் கூலி. கூலி குறைந்தவன் உயிர் மலிவு. அந்தக் கணக்கின் அடித்தளம் இதுதான்.

இந்தக் கணக்கு மதீனாவிலும் இருந்தது, சகோதரர்களே! அங்கே பனூ நளீர், பனூ குறைளா என்று இரண்டு யூதக் கோத்திரங்கள். நளீர் உயர்ந்தவர்கள் என்று பெயர். குறைளாக்காரர் நளீரில் ஒருவரைக் கொன்றால் முழு ஈடு. நளீர்க்காரர் குறைளாவில் ஒருவரைக் கொன்றால் பாதிதான். பெருமானார் (ஸல்) அவர்களிடம் வழக்கு வந்தபோது இரண்டையும் சமமாக்கினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி அபூதாவூதிலும் நஸாயீயிலும் இருக்கிறது. நம் ஷரீஅத்தின் உயிரீட்டுத் தொகை செத்தவனின் சம்பளச் சீட்டைப் பார்த்து ஏறுவதும் இறங்குவதும் இல்லை. செல்வந்தனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே கணக்கு.

இங்கேதான் முதஃப்பிஃபீன் அத்தியாயம் வருகிறது. தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டும் மளிகைக்காரருக்கான அத்தியாயம் என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் முதல் வசனங்கள் யாரைச் சபிக்கின்றன என்று பாருங்கள். பிறரிடமிருந்து அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களை. குற்றம் குறைவாக அளப்பது மட்டும் அல்ல. தனக்கு ஒரு படி, பிறருக்கு ஒரு படி வைத்துக்கொள்வது. தன் ஊரின் குழந்தைக்கு ஒரு பாதுகாப்பு, கொடைக்கானல் குழந்தைக்கு ஒரு பாதுகாப்பு என்று வைத்தால் அதற்குப் பெயர் தத்ஃபீஃப் இல்லாமல் வேறென்ன?

ஆலை இருந்த இடத்தைச் சுத்தம் செய்வதிலும் இந்தப் படிச் சண்டைதான் பல வருடம் நடந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்று அளவுகோல் வைத்தார்கள். உங்கள் சொந்த நாட்டில் இதை ஒப்புவீர்களா என்று சூழல் ஆர்வலர்கள் கேட்டார்கள். அதற்கும் கீழே போகத் தோண்டினால் மரங்களும் மண்ணும் சரிந்து போகும் என்பது மறுதரப்பின் பதில். மண் விஞ்ஞானம் எனக்குத் துறை இல்லை. அதில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ஊராக இருந்தால் ஒப்புவீர்களா என்று கேட்டார்களே, அது முதஃப்பிஃபீன் அத்தியாயத்தின் கேள்வி.

அவர்கள் விரும்பித்தானே வேலைக்குப் போனார்கள், சம்பளம் வாங்கினார்களே என்று ஒரு வாதம் உண்டு. கனமான வாதம். தள்ளிவிட்டுப் போகக்கூடியது அல்ல. ஷரீஅத்தில் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் தேவை. சம்மதம் இருந்தால் நாம் குறுக்கே வர முடியாது. ஆனால் எதற்குச் சம்மதம்? மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்ற கடும் எச்சரிக்கையையும் சொன்னார்கள். முஸ்லிமில் வரும் ஹதீஸ். வாங்குபவர் சம்மதித்துத்தான் வாங்குவார், விலையும் சரியாக இருக்கலாம். ஆனாலும் அடியில் இருந்த ஈரம் அவருக்குத் தெரியாது.

ஈரத்தை அடியில் வைப்பது எவ்வளவு பெரிய பாவமாக முடியும் என்பதற்கு ஜப்பானின் மினமாட்டாவைப் பாருங்கள். சிஸ்ஸோ என்ற ரசாயன நிறுவனம் பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. 1956-ல் நோய் அதிகாரபூர்வமாகத் தெரியவந்தது. மீனவக் குடும்பங்கள் கை கால் இழுத்துக்கொண்டு விழுந்தன. கருவிலிருந்த குழந்தைகள் ஊனமாகப் பிறந்தன. 1959-ல் அந்த நிறுவனத்து மருத்துவமனையின் மருத்துவரே ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துச் சோதித்து, அதே நோய் வருவதைக் கண்டார். நிறுவனம் அதை வெளியே விடவில்லை. கழிவு 1968 வரை ஓடியது. ஜப்பான் அதிவேகமாக வளர்ந்த வருடங்கள் அவை. அந்த வளர்ச்சிக் கணக்கில் மினமாட்டா மீனவர்கள் எந்தப் பத்தியில் எழுதப்பட்டார்கள்?

இடம் எங்களுடையது, அங்கே என்ன செய்தாலும் எங்கள் உரிமை என்பது இன்னொரு வாதம். மத்யன்வாசிகள் சொன்னதும் அதுதான். ஸமுரா பின் ஜுன்துப் (ரலி) அவர்களுக்கு அன்ஸாரி ஒருவரின் தோட்டத்துக்குள் சில பேரீச்ச மரங்கள் இருந்தன. மரம் அவருடையது. ஆனால் அவர் வந்து போவது அந்த வீட்டாருக்குச் சிரமமாக இருந்தது. விற்றுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள், மறுத்தார். மாற்று மரம் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், மறுத்தார். மறுமையின் கூலியை நினைத்து அன்பளிப்பாகக் கொடுக்கச் சொன்னார்கள், அதற்கும் மறுத்தார். கடைசியில், நீர் தீங்கு தருபவர் என்று அவரிடம் சொல்லிவிட்டு, மரத்தைப் பிடுங்கிவிட அன்ஸாரிக்கு அனுமதி கொடுத்தார்கள். அபூதாவூதில் இருக்கிறது. சொத்துரிமை அடுத்தவனுக்குத் தீங்கு தொடங்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. தீங்கும் கூடாது, பதிலுக்குத் தீங்கும் கூடாது என்ற நபிமொழியிலிருந்து நம் ஃபுகஹாக்கள் எடுத்த சட்டவிதிகளில் ஒன்று, நன்மையைக் கொண்டுவருவதைவிடக் கேட்டைத் தடுப்பது முந்தியது என்பது. லாபம் யாருக்கோ பொறுப்பும் அவருக்கே என்பது ஃபிக்ஹின் இன்னொரு விதி.

கப்பலின் ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். புகாரியில் வருகிறது. மேல்தளத்தில் சிலர், கீழ்த்தளத்தில் சிலர். தண்ணீருக்காக மேலே ஏறிவந்து தொந்தரவு தர வேண்டாமே என்று கீழே இருப்பவர்கள் ஓட்டை போட நினைக்கிறார்கள். தடுக்காவிட்டால் எல்லாரும் மூழ்குவார்கள். நம் மலையையும் ஒரு கப்பலாக எண்ணிப் பாருங்கள். இங்கே தண்ணீர் மேல்தளத்திலிருந்து வருகிறது. பாம்பார் சோலையின் நீர் கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் இறங்கி வைகைப் படுகைக்குப் போகிறது. மேலே இருப்பவன் என்ன கொட்டுகிறான் என்பது கீழே இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது.

இதுவரை கேட்டவர்களுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். வெள்ளைக்காரன் கம்பெனி, வெள்ளைக்காரன் வங்கி. இனிமேல் சொல்வது கொஞ்சம் கசக்கும்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, நம் திண்டுக்கல். இந்த ஊர்களில் தோல் ஷாப்புகளை யார் நடத்துகிறார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதரஸாக்களும் கல்லூரிகளும் யதீம்கானாக்களும் அந்த வருமானத்தில் நடக்கின்றன. அல்லாஹ் அந்தக் கொடையைக் கபூல் செய்வானாக! ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையில் பதனிட்டார்கள். 1970களில் பதனிடாத தோலையும் அரைகுறைத் தோலையும் ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு வைத்தது. முடிந்த தோலாகவும் செருப்பாகவும் அனுப்பினால்தான் அந்நியச் செலாவணி. குரோமியம் பரவலாக வந்தது. உப்பும் குரோமியமும் கலந்த தண்ணீர் பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் போனது. செருப்பு ஐரோப்பாவுக்குப் போனது, தண்ணீர் இங்கேயே தங்கியது. தெர்மாமீட்டர் கதையேதான். முதலாளி மட்டும் நம்மவர்.

1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ பயிருக்கு ஆகாமல் போனதாக வந்த ஆய்வை அதில் எடுத்துச் சொன்னது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. டேனரி ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்த மாவட்டங்களின் பட்டியலில் திண்டுக்கல்லும் உண்டு. நம் ஃபிக்ஹில் 'ளமான்' என்ற பாடம் ஓதிய ஆலிம்கள் இத்தனை பேர் இருக்கும் ஊர்களில், அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க உச்ச நீதிமன்றம் வரவேண்டியிருந்தது. 2015 ஜனவரி கடைசி நாளில் ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலும் பிழைக்க வந்தவர்கள்.

நியாயமும் சொல்ல வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. செலவு செய்து ஒழுங்காக நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவால், ராத்திரியில் மதகைத் திறந்துவிடும் போட்டியாளரிடம் விலையில் தோற்பவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் வாங்குபவரும் ஒரு ஜோடிக்குச் சில காசு கூடக் கொடுக்க மனமில்லாமல் பேரம் பேசுகிறார். நெருக்கடி உண்மை. மத்யனிலும் போட்டி இருந்திருக்கும்.

முஸ்லிமில் வரும் அந்த ஹதீஸை நினைத்துப் பாருங்கள். திவாலானவர் யார் என்று தோழர்களிடம் கேட்டார்கள் நபி (ஸல்). காசும் பொருளும் இல்லாதவர் என்றார்கள். தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மறுமைக்கு வந்து, ஆனால் ஒருவரைத் திட்டி, ஒருவரின் பொருளைத் தின்று, ஒருவரின் இரத்தத்தைச் சிந்தியிருப்பவர்தான் திவாலானவர். அவருடைய நன்மைகள் எடுத்து அவர்களுக்குக் கொடுக்கப்படும், தீர்ந்துபோனால் அவர்களின் பாவம் இவர்மேல் சுமத்தப்படும் என்று விளக்கினார்கள். வெள்ளிக்கிழமை முதல் ஸஃப்பில் நிற்கும் ஒருவரின் ஷாப்புத் தண்ணீரால் கிணறு கெட்ட ஒரு விவசாயி, அவர் கோயிலுக்குப் போகிறவராகவே இருக்கட்டும், அன்றைக்கு வந்து நிற்பார். அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்று முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போதே எச்சரித்து அனுப்பினார்கள்.

டேனரி வைத்திருப்பவர்களும் அங்கே கணக்கு எழுதுபவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். தொழுதுவிட்டுப் போய் இந்த வாரத்திலேயே, உங்கள் ஷாப்பைச் சுற்றியுள்ள கிணற்றுக்காரர்களிடம் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். குடிக்க முடியவில்லை என்றால், உங்கள் வீட்டுக்கு வாங்கும் அதே கேன் தண்ணீரை அவர்கள் வீட்டுக்கும் அனுப்பத் தொடங்குங்கள். வழக்கும் ஆய்வும் அதன்பாட்டில் நடக்கட்டும்.

யா அல்லாஹ்! கொடைக்கானலின் அந்தத் தொழிலாளர்களில் உயிரோடிருப்பவர்களுக்கு ஆரோக்கியத்தைத் தருவாயாக! அவர்களின் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக! எங்கள் கிணறுகளின் நீரை மீண்டும் இனிப்பாக்குவாயாக! ஆமீன்.